முந்தானைக்குள் இருந்த கைகள்

போன புரட்டாசியில் ஒரு வேலையாகச் சூலக்கரை வரைக்கும் போயிருந்தேன். கலெக்டர் ஆபீஸுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சின்ன வண்டி நின்றது. ‘இயற்கை முறையில் விளைந்த பழங்கள்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். கொய்யா, மாதுளை, சீத்தாப்பழம் மூன்றும் இருந்தன. விற்ற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் உறை மாட்டியிருந்தாள்.

என்னைச் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். மருந்து அடிக்கவில்லை என்று எப்படி நம்புவது என்றார் ஒருவர். கல் வைத்ததில்லையே என்றார் இன்னொருவர். பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்கப் பெட்டிக்குள் வைக்கிற கல்லைத்தான் சொன்னார். என் பக்கத்தில் நின்ற டீச்சர் மாதிரியான அம்மா மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. “பாருங்க, கை படாம எடுத்துப் போடுது. இதுக்கு மேல என்ன சுத்தம் வேணும்?” என்று சொல்லி இரண்டு கிலோ வாங்கினார்.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. நானும் ஒரு கிலோ சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். உட்கார்ந்ததும் பையைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் பெரியம்மாவின் மூக்கு எனக்கும் வந்திருக்கிறது போல. கை படாமல் பழம் விற்ற இன்னொருவரின் நினைப்பு அப்போதுதான் வந்தது. அதைத்தான் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது. சாத்தூரில் பள்ளிவாசலுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தோம். அத்தாவும் அவருடைய அண்ணன் பெரியத்தாவும் சேர்ந்து சணல் வியாபாரம் செய்தார்கள். வெடிகளின் மேல் இறுக்கிச் சுற்றுகிற சணல் நூல் எங்கள் சரக்குக் கிட்டங்கியிலிருந்துதான் பல பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும். கிட்டங்கியும் வீடும் ஒட்டி ஒட்டி இருந்ததால் எங்கள் சோற்றில்கூடச் சணல் வாசம் இருக்கும். விருந்தாளிகள் சொல்லித்தான் எங்களுக்கு அது தெரியும்.

வீட்டுக்குப் பெரியவர் பெரியத்தாவின் மனைவிதான். எனக்குப் பெரியம்மா, அம்மாவுக்கு மச்சி. அவர் சந்தேகப்படாமல் எந்தப் பொருளும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பாலில் விரலை விட்டு நகத்தின் மேல் நிற்கிறதா என்று பார்ப்பார். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிளகை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, கடைக்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். எங்கள் கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பினார். மழை பெய்தால் அதையும் முகர்ந்துதான் குடத்தில் ஊற்றுவார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பட்டாசுக்குள் போகிற வெடிப்பொடியை எங்கள் பக்கம் மருந்து என்போம். எங்காவது மருந்து அறையில் தீப்பிடித்தால் அந்தச் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் வரும். ஜன்னல் கதவு தானாக ஆடும். பெரியம்மா உடனே பிள்ளைகளை எல்லாம் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். கதவைச் சாத்தி என்ன செய்ய முடியும் என்று அத்தா கேட்பார். பெரியம்மா தாழ்ப்பாளையும் போடுவார். அவர் பயம் அப்படி.

அந்த வருஷம் மழைக்கு முந்தி, தீபாவளி சீசன் மும்முரமாக இருந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் புதிதாக ஒரு குரல் கேட்டது. சீத்தாப்பழம் விற்கிற அம்மா. அச்சங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஓலைப்பெட்டியில் சோளத் தோகை பரப்பி அதன் மேல் பழங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருந்தார். பெட்டிக்குள் குனிந்தபோது வந்த வாசம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஈரமண்ணும் சர்க்கரையும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

“புஞ்சை வரப்புல நிக்கிற மரம் தாயி. உரம் கிடையாது, தண்ணிகூடக் கிடையாது. வானம் பாத்த மரம். கண்ணு விரிஞ்ச பழமாப் பாத்துப் பறிச்சது. ரெண்டு நா அரிசிக்குள்ள போட்டு வச்சாப் போதும்,” என்றார்.

சீத்தாப்பழத்தின் மேல் இருக்கிற கட்டங்களைக் கண் என்பார்கள். அந்தக் கண்களுக்கு நடுவில் வெளுத்து இடைவெளி விழுந்தால் பறிக்கலாம். அம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா பிறந்த ஊரிலும் சீத்தா மரங்கள் உண்டு. அதனால் பெட்டியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. பெரியம்மாவைக் கேட்காமலே பத்துப் பழம் எடுத்துவிட்டார்.

எடுத்தது அம்மாதான். அந்தப் பழக்காரம்மா எடுத்துத் தரவில்லை. “நீங்களே எடுத்துக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். காசு கொடுத்தபோது முந்தானையை விரித்துப் பிடித்து அதில் போடச் சொன்னார். பெட்டியைத் தலைக்கு ஏற்றும்போதும் கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டே தூக்கினார்.

பெரியம்மா தூணில் சாய்ந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பழம் விக்கிறவ பழத்த அமுக்கிப் பாப்பா, தட்டிப் பாப்பா, நம்ம கையில திணிப்பா. இவ என்னட்டி தன் பழத்தத் தானே தொட மாட்டேங்கா?”

“மரியாதைக்காக இருக்கும் மச்சி,” என்றார் அம்மா.

“மரியாதையா? பழத்துல என்னமோ இருக்கு. அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

பழங்கள் அரிசிப் பானைக்குள் போயின. இரண்டு நாளில் விரல் பட்டாலே பிளந்துகொள்ளும் அளவுக்குக் கனிந்தன. பெரியம்மா தொடவில்லை. அம்மாவும் நானும் கொல்லையில் உட்கார்ந்து தின்றோம். கொட்டைகளைத் துப்புவதில் யார் தூரமாகத் துப்புவது என்று எங்களுக்குள் போட்டி. அம்மா அப்படி விளையாடி அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பழக்காரம்மா வந்தார். பெரியம்மா இல்லாத நேரமாகப் பார்த்து அம்மா பேச்சுக் கொடுத்தார்.

“தெருவுல வேற யாரும் வாங்குறாங்களாக்கா?”

“ஒண்ணு ரெண்டு வீட்டுல எடுக்காக. எல்லாரும் உங்க வீட்டத்தான் பாக்காக. பெரிய வீட்டுல வாங்கட்டும்கிறாக.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தத் தெரு மட்டும் வாடிக்கையாப் பழம் எடுத்துச்சுன்னா, பாக்கிற வேலைய விட்டு நின்னுக்கிடுவேன் தாயி. நெஞ்சு ஒத்துக்கிட மாட்டேங்கு. இருமல் விடல.”

“என்ன வேலை?”

“கை வேலதான்,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அன்று தெருக்கோடி வரைக்கும் அவர் போவதை அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒரு முடிவோடுதான் உள்ளே வந்தார்.

நபி பிறந்த மாதம் அந்த வருஷம் சீசனோடு சேர்ந்து வந்தது. அந்த மாதத்தில் மாலை நேரங்களில் ஒவ்வொரு வீடாக நபியின் புகழ் பாடும் மவ்லூது ஓதுவார்கள். ஓதி முடிந்ததும் வந்தவர்களுக்குத் தாலத்தில் ஏதாவது வைத்துக் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டு முறைக்கு எப்போதும் வாழைப்பழம்தான். இந்தத் தடவை ஆளுக்கொரு சீத்தாப்பழம் கொடுத்தால் என்ன என்று அம்மா கேட்டார். எங்கள் வீட்டில் வைத்ததைத்தான் அடுத்த வருஷம் தெருவே வைக்கும். அது அம்மாவுக்கும் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும்.

பெரியம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. “கொண்டாரச் சொல்லு. நான் பாத்துச் சொல்லுதேன்,” என்றார்.

இதற்குள் தெருவில் பேச்சு வளர்ந்திருந்தது. கல் வைத்த பழம் என்றார்கள் முதலில். பிறகு திருட்டு மரம் என்றார்கள். கடைசியில் அடுத்த வீட்டு மாமி அம்மாவின் காதருகே வந்து, “கைய ஏன் மறைக்கா தெரியுமா? பெருவியாதியா இருக்கும்,” என்றார். அவர் குஷ்டத்தைச் சொல்கிறார் என்று புரிந்ததிலிருந்து நான் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். அவர் பெட்டியிலிருந்து நானும்தானே தின்றிருந்தேன்.

மவ்லூதுக்கு முந்தின நாள் மத்தியானம் பழக்காரம்மா பெரிய பெட்டியோடு வந்தார். அது வேலைநாள். இதற்காகவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பின்வாசலில் பெரியம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டு மாமியும் வந்துவிட்டார். அம்மா கதவோரம் நின்றார்.

பெரியம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. ஆளைத்தான் பார்த்தார்.

“ஒரு பழத்த எடுத்து நீயே பிட்டுத் தின்னு. நான் பாக்கேன்.”

“நான் விக்க வந்தவ பாயம்மா. திங்கவா வந்தேன்?”

“விக்கிறவளுக்குத் திங்கிறதுல என்ன கஷ்டம்?”

“எங்க வீட்டுப் புள்ளைக இதத்தான் வயிறு நெறையத் திங்குதுக.”

“அதுகள நான் பாக்கலையே. எங்கண்ணு முன்னால நீ தின்னு.”

பழக்காரம்மா குத்தவைத்து உட்கார்ந்து முகத்தைத் தூக்கினார்.

“அப்ப யாராச்சும் பிட்டு என் வாயில போடுங்க. நான் திங்கேன்.”

சொல்லிவிட்டு நிஜமாகவே வாயைத் திறந்தார். பசித்த பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஒரு பெரிய மனுஷி எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அம்மா குனிந்து ஒரு பழத்தை எடுத்தார். இரண்டாகப் பிட்டுக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார்.

“நீ நில்லு,” என்றார் பெரியம்மா.

அம்மா நின்றுவிட்டார். இரண்டு கையிலும் பழத்தின் பாதிகள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

“கையில என்னத்தா இருக்கு?” என்று மாமி கேட்டார். “எங்க வீட்டுலயும் புள்ளைக இருக்கு. தெரிஞ்சிக்கிடணும்ல.”

பழக்காரம்மா வாயை மூடிக்கொண்டார். பிறகு முந்தானையை விலக்கிக் கைகளை வெளியே நீட்டினார்.

கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருந்தன. பாத்திரக்கடையில் புதிதாகத் துலக்கி வைத்த குடம் மாதிரி வெயிலில் மின்னின. ரேகைகளிலும் நகக்கண்ணிலும் மட்டும் கருப்பு இறங்கியிருந்தது. அவ்வளவு அழகான கையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்றே அப்போது நினைத்தேன்.

“வெள்ளிப்பொடி பாயம்மா. பட்டாசுக் கம்பெனியில பூச்சட்டிக்கு மருந்து இடிக்கிற வேல. எண்ணெ போட்டுத் தேய்ச்சாலும் சரி, சீயக்கா போட்டுத் தேய்ச்சாலும் சரி, சீசன் முடியிற வரைக்கும் போகாது. பழத்துல பட்டுறக் கூடாதேன்னுதான் மறைச்சிக்கிட்டு வாரேன். பறிக்கிறது, அடுக்கிறது எல்லாம் என் மக. நான் ஒரு பழத்தக்கூடத் தொடல.”

பெரியம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். நாங்களும் விட்டோம். வியாதி இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் அம்மாவைப் பார்த்தேன்.

“மருந்துக் கையா,” என்றார் பெரியம்மா. “அந்தக் கையாலதான பெட்டியத் தூக்குன?”

“துணி சுத்தித்தான் தூக்குனேன்.”

“அது நீ வேலைக்குக் கட்டுற சேலதான? சேலையிலயும் மருந்து இருக்கும்ல. ஓதுற எடத்துல வச்சுக் கொடுக்கிற பழம். நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுறது?”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல,” என்றார் மாமி.

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீகளா?”

பழக்காரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“கண்ணு விரிஞ்ச பழம். திரும்பத் தூக்கிட்டுப் போனா பாதி கூழாயிரும்,” என்று அம்மாவிடம் சொன்னார். “அங்கன சொவர் ஓரமா எடுத்து வச்சிருங்க தாயி. மனுசங்க திங்காட்டி அணிலு திங்கும். எனக்குப் பெட்டி மட்டும் வேணும்.”

அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லைச் சுவர் ஓரம் சாக்கு விரித்து அடுக்கினார். தலையை நிமிர்த்தவே இல்லை. பழக்காரம்மா காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை கைகளை மறைக்கவில்லை. தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் அந்தக் கைகள் மின்னிக்கொண்டே போயின.

“கைய நல்லாக் கழுவு,” என்றார் பெரியம்மா அம்மாவிடம்.

சாயங்காலம் அத்தா வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அத்தா சட்டையைக் கழற்றிக்கொண்டே, “நானும்தான் தெனமும் கம்பெனிக்குள்ள போயிட்டு வாரேன். என் சட்டையிலயும் மருந்து இருக்குமே,” என்றார்.

“நீங்க ஆபீஸோட திரும்பி வந்துருவீக,” என்றார் பெரியம்மா. அத்தா சட்டையைக் கொடியில் போட்டார். எங்கள் வீட்டுச் சோறே அந்தக் கம்பெனிகளில் இருந்துதான் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று அது தோன்றவில்லை.

மறுநாள் பஜாரிலிருந்து வாழைத்தார்கள் வந்தன. ஒரே மாதிரி மஞ்சள். ஒரு கரும்புள்ளி கிடையாது. காம்பு மட்டும் பச்சையாக இருந்தது. பெரியம்மா தாரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பழம்னா இப்படி இருக்கணும்,” என்றார். அதை அவர் முகர்ந்து பார்க்கவில்லை. ஓதி முடிந்ததும் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஒன்றை உரித்துக் கடித்தேன். தோல் பழம், உள்ளே காய். நாக்கில் சுண்ணாம்பு தடவினது போல இருந்தது. உங்களுக்குப் புரியும். அந்த மாதிரிப் பழத்தை இத்தனை வருஷமாக நாமும்தான் தின்றுகொண்டிருக்கிறோம்.

சீத்தாப்பழங்கள் சுவர் ஓரம் அப்படியே இருந்தன. தின்னவும் மனமில்லை, தின்கிற பொருளைக் குப்பையில் போடவும் கூடாது. பெரியம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். “அணிலு வந்து திங்கும். செத்துக்கித்து விழுதான்னு பாத்துக்கிட்டு இரு.”

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கொல்லையில் உட்கார்ந்து அணில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை வந்தன. பழத்துக்குள் முகத்தைப் புதைத்துத் தின்றன. மீசையில் வெள்ளைச் சதை ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று துரத்தின. மறுநாளும் அதே அணில்கள் வந்தன. மைனாக்களையும் கூட்டி வந்தன.

“ஒண்ணும் சாகலை பெரியம்மா.”

“அணிலுக்கு எல்லாம் தாங்கும்,” என்றார்.

பழக்காரம்மா அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. தெருவே அவர் கையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. அடுத்த மழைக்குச் சுவர் ஓரம் ஒரு செடி முளைத்தது. தானாக வந்தது என்று சொல்லிப் பெரியம்மாதான் அதற்கு வேலி கட்டினார். அது எந்தக் கொட்டை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்துதான் இருக்கும். ஆனால் எங்கள் சுவருக்குள் முளைத்ததால் அவர் மனசில் அது வேறு மரமாகிவிட்டது.

நான் தாவணி போட்ட வருஷம் அது காய்த்தது. பெரியம்மா அதைத் தட்டில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். “நம்ம வீட்டு மரம். மருந்து கிடையாது, மாயம் கிடையாது. கண்ண மூடிக்கிட்டுத் திங்கலாம்.” மவ்லூதுக்கும் அதைத்தான் வைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த வீட்டு மாமி இரண்டு பழம் கேட்டு வாங்கிப் போனார். அம்மா மட்டும் தின்னவில்லை. சளி பிடிக்கும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சீசனில் ஒரு சாயங்காலம், ஒரு கம்பெனி வண்டி வேலையாட்களை ஊரில் இறக்கிவிடப் போகிற வழியில் சணல் ஏற்ற எங்கள் கிட்டங்கி முன்னால் நின்றது. வண்டியிலிருந்த பெண்களில் சிலர் தண்ணீர் கேட்டுப் பின்வாசலுக்கு வந்தார்கள். அம்மா சொம்போடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் பழக்காரம்மா. மெலிந்திருந்தார். கைகள் அதே வெள்ளி. ஆனால் முந்தானைக்கு வெளியே இருந்தன.

“இன்னும் அதே வேலதானா அக்கா?” என்றார் அம்மா.

“வேற எங்கன போக? இருமலுக்கு வைத்தியம் பாக்கப் புஞ்சைய வித்தாச்சு. மரமும் அதோட போச்சு.” சொல்லிக்கொண்டே சுவர் ஓரம் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பழங்களைப் பார்த்தார்.

பெரியம்மா முக்காலியில்தான் இருந்தார். வந்தவர்களுக்குக் கொடுக்கிற பழக்கத்தில், “ஆளுக்கொரு பழம் கொடு. நம்ம வீட்டு மரம்,” என்றார். ஆளை அடையாளம் கண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மற்ற பெண்கள் பழத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்கள். அம்மா நன்றாகக் கனிந்த ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டார். பழக்காரம்மாவிடம் நீட்டவில்லை. பக்கத்தில் போய் ஒரு பாதியை அவர் வாயருகே பிடித்தார். பெரியம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியம்மாவும் நில்லு என்று சொல்லவில்லை.

பழக்காரம்மா வாயைத் திறந்தார். மெதுவாகத் தின்றார். கொட்டைகளைத் துப்ப இடம் பார்த்தபோது அம்மா உள்ளங்கையை நீட்டினார். இரண்டு பாதியும் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார்கள். கிட்டங்கி முன்னால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?” என்றார் பெரியம்மா.

பழக்காரம்மா தோள்பட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு பாயம்மா. கல்லு கில்லு வைக்கலையே?”

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“அந்தக் கொட்டையக் கீழ போட்டுறாதீக தாயி,” என்று பழக்காரம்மா முந்தானை நுனியை அம்மாவிடம் நீட்டினார். “எங்க வீட்டுக்குப் பின்னால ரெண்டு மரத்துக்கு எடம் இருக்கு.”

அம்மா உள்ளங்கையிலிருந்த கொட்டைகள் எல்லாவற்றையும் அதில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு கொட்டை நழுவித் தரையில் விழுந்தது. பழக்காரம்மா குனிந்து, அந்த வெள்ளி விரல்களாலேயே அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்துப் போனார்.